பினாங்கில் ஒரு பகல்

கடல் கடந்து பொருள் தேடியது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் கதை நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளில் உண்டு. அவர்களைச் சுமந்த ‘ரஜூலா’வும் இன்றில்லை, அதன்பின் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அப்போக்குவரத்தும் முடிவுற்றது.

நாம் சென்றது பிழைப்புக்கன்று. பிள்ளைகள் வற்புறுத்தியதால் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பலேறினோம். பினாங்கில் கப்பல் ஒரு பகல் மட்டும் நிற்கும். மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றனர். முன்னோர் ஆண்டுக்கணக்கில் உழைத்த மண்ணில் நமக்கு வாய்த்தவை எட்டு மணி நேரம்!

சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குள் நடந்தே செல்லலாம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கம்பெனியின் வசமாக்கிய பின் எழுந்த நகர் அது. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சூலியா தெரு என்னும் பெயரே நம்மவரைக் குறிப்பது. அத்தெரு கிங் தெருவைச் சந்திக்கும் மூலையில் நாகூர் ஆண்டகை நினைவாக எழுப்பிய சிறு தர்கா இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் 1801இல் நிறுவியது.

அங்கே ளுஹரை ஜமாஅத்தோடு தொழுதோம். நம் தலைப்பாகையைக் கண்ட முதியவர் ஒருவர் ஸலாம் உரைத்து, “ஹஜ்ரத், அரபுத்தமிழ் வாசிப்பீங்களா?” என்று வினவினார். ஆம் என்றதும், பேரனை வீட்டுக்கு அனுப்பிப் பழைய உறையொன்றை எடுத்துவரச் செய்தார். பாட்டனார் காலத்துத் தாள். அரபெழுத்தில் இருந்ததால் ஏதோ துஆ என்றெண்ணிக் குடும்பத்தார் கண்ணில் ஒற்றிப் பேணி வந்தனராம்.

அது துஆ அன்று. ஹிஜ்ரி 1345இல், அதாவது 1926-27இல், ஊரிலிருந்து மனைவி கணவருக்கு வரைந்த கடிதம். அனுப்பிய பணம் வந்தது. மகன் யாஸீன் ஓதி முடித்தான். மூன்று வயது மகள் காய்ச்சலில் மவுத்தாகி நாற்பது நாளாயிற்று. இதுவரை எழுதக் கை வரவில்லை.

“எங்க வாப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்களா?” என்றார் முதியவர். தந்தையார் ஒருநாளும் சொன்னதில்லையாம். பெயரை மீண்டும் படிக்கச் சொன்னார். பேரன் தமிழெழுத்து அறியான். கைப்பேசியில் உரோம எழுத்தில் குறித்துக்கொண்டான். மூவரும் அம்மகவுக்காகக் கையேந்தினோம். பிறகு அவரே நம்மைத் துறைமுகம் வரை கொண்டுவந்து விட்டார்.

அரபியில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து அமைத்த எழுத்து அது. பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார், குர்ஆன் ஓதிய எழுத்திலேயே தம் இன்ப துன்பங்களை எழுதினர். எழுதியவர்கள் போய்விட்டனர், வாசிப்போரும் அருகி வருகின்றனர்.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் அத்தகைய தாள்கள் இருக்கலாம். வேதவாக்கென்று மூடி வைக்கவும் வேண்டா. பழங்குப்பையென்று கடலில் விடவும் வேண்டா. உங்களூர் மதரஸாவில் அவ்வெழுத்தறிந்த முதிய உஸ்தாது ஒருவர் இன்னும் இருப்பார். இந்த வாரமே அவரிடம் கொண்டு செல்லுங்கள். உடன் உங்கள் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள்.