பளபளப்புக்கா, பாதுகாப்புக்கா?

கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். வீட்டில் இன்னொரு தடவை பணம் கேட்க முடியாது.

"இந்த கேபினெட்டை எடுத்துக்குங்க தம்பி, செம லுக்கு!" என்றார் கடைக்காரர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் லைட்டு. காற்று எந்த வழியாக நுழையும்? கிராபிக்ஸ் கார்டு ரொம்பச் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே!

முன்பக்கம் வலை போட்ட, 120 மி.மீ. ஃபேன் மாட்டக்கூடிய சாதாரண கேபினெட்டையே எடுத்தேன். 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். போர்டு அளவு, 305க்கு 244 மி.மீ., இன்றும் அதேதான். நாளை போர்டை மாற்றினாலும் பெட்டி உதவும்.

மிச்சப் பணத்தைத் தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போட்டேன். மட்டமானது எரிந்தால் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். நண்பர்களே, காசை இங்கே போடுங்க. லைட்டை அப்புறம் பார்த்துக்கலாம்!