தைக்காத கைகள்

ரெடிமேட் சுடிதார் வாங்கியவர்களுக்குத் தெரியும். கையில்லாத டாப்பின் உள்பக்கம் இரண்டு துண்டுத் துணியைப் பின் குத்தி வைத்திருப்பார்கள். வேண்டுமென்றால் கை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கடைக்காரருக்கு வம்பில்லை. வம்பெல்லாம் வாங்குகிறவளுக்குத்தான்!

மூன்று வருடம் சென்னை ஹாஸ்டலில் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் ஒரு மாணவியிடம் அப்படி ஏழு ஜோடிக் கைகள் சேர்ந்திருந்தன. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில், தைக்கப்படாமல். ஊர் சின்னாளப்பட்டி. லீவுக்குப் போகும்போதெல்லாம் கை வைத்த இரண்டு சுடிதாரை வைத்தே ஓட்டிவிடுவாள். இப்போது போவது லீவுக்கு இல்லை. வேலை கிடைக்கும்வரை வீடுதான். ஏழு டாப்பையும் எடுத்துப்போவதா, ஜூனியர்களுக்குக் கொடுத்துவிடுவதா?

சென்னை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி! தொளதொள பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். அது காற்றில் உலரும்போது உடம்புச் சூடும் கொஞ்சம் போகும். பாலியஸ்டர் முதுகோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அவள் டாப்பில் கை இல்லாததற்கு ஃபேஷன் பாதிக் காரணம், மதிய நேரத்து மெஸ் க்யூ மீதிக் காரணம்.

பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் அறையைக் காலி செய்ய வேண்டும். பேக்கிங் என்று உட்கார்ந்தால் அதைத் தவிர மற்ற எல்லாமே நடக்கும், அது உலக வழக்கம். டீக்கறை பட்ட ஒரு வெள்ளைத் துப்பட்டா கையில் சிக்கியது. அம்மா கட்டும் சுங்குடிப் புடவை மாதிரி புள்ளி வைத்தால் என்ன? துணியை அங்கங்கே கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் நூலை உருவினால் முடிச்சுப் போட்ட இடம் வெள்ளையாக நிற்கும். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடியின் பழைய முறை இதுதான். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. இவளுக்கு அறுபதிலேயே விரல் வலித்துவிட்டது. அதனால் புள்ளியெல்லாம் ஒரு முனையில் மட்டும்! சாயப் பாக்கெட், சுடுதண்ணீர், ஒரு பிடி கல்லுப்பு. பக்கெட்டும் நீலமாகி, வார்டன் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் போனது.

அடுத்தது அந்தப் பிளாஸ்டிக் கவர்.

"பேசாம கை வச்சுத் தச்சிருடி. ஒரு ராத்திரி வேலை. உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள் ரூம்மேட்.

"அப்பா என்னைக்குடி சொன்னாரு? தெருதான் சொல்லும்."

இரண்டு டாப்புக்கு மட்டும் கை தைத்தாள். ஒன்று இன்டர்வியூவுக்கு, ஒன்று கோயிலுக்கு. மிச்ச ஐந்து ஜோடியையும் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு ஒரு பை தைக்கலாம் என்று யோசனை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். அதே துணி இனி கடையில் கிடைக்காது. வெட்டிவிட்டால் அந்த ஐந்துக்கும் கை கிடையாது, அவ்வளவுதான்.

வெட்டினாள்.

பை கொஞ்சம் கோணல். ஆனால் பழைய ஜீன்ஸில் வெட்டிய கைப்பிடி நல்ல பலம், எட்டுப் புத்தகம் தாங்கியது. ஊருக்குப் போனால் பெட்டியைத் திறந்து துணியெல்லாம் அடுக்குவது எப்போதும் அம்மாதான். ஐந்து டாப்பையும் அடியில் ஒளிக்காமல் மேலாக மடித்து வைத்து, நீலத் துப்பட்டாவையும் போட்டுப் பெட்டியை மூடினாள்.