திரும்பி விழாத காற்று

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பழைய மாணவி ஒருத்தி, "சார், என் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒன்பதாம் வகுப்பைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனபோது நடந்தது. சிவப்பு ராட்சத நட்சத்திரங்களிலிருந்து காற்று வெளியே வீசுகிறது, நிறமாலையில் தெரியும் என்று அங்கே சொன்னார்கள். திரும்பும் பேருந்தில் இவள், "மேல எறிஞ்ச கல்லு கீழ விழுதே சார், அந்தக் காத்து மட்டும் ஏன் விழாது?" என்றாள். "அது பாடத்துல இல்ல, உட்காரும்மா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

இப்போது தேடிப் படித்தால், வானியலாளர்களே தடுமாறிய இடம் அது. நட்சத்திர ஒளியைப் பிரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். வாயு நம் பக்கம் வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும். நொடிக்கு 10 கி.மீ. வேகத்துக்கு நகர்வு, அலைநீளத்தில் 30,000-ல் ஒரு பங்கு. அதையும் அளந்துவிட்டார்கள். ஆனால் அந்த நட்சத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து தப்ப, அதைப் போலப் பல மடங்கு வேகம் வேண்டும். அப்படியானால் கல் மாதிரி விழத்தானே வேண்டும்?

1956-ல் கலிபோர்னியாவில் ஆர்மின் டாய்ச் என்பவர் ராஸல்கெத்தியை ஆராய்ந்தார். ஆனி மாதம் இரவு பதினோரு மணிக்கு நம் தலைக்கு மேலே ஏறக்குறைய உச்சியில் நிற்கும் சிவப்பு நட்சத்திரம். அதற்கு ஒரு துணை உண்டு. இரண்டுக்கும் இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போலச் சில நூறு மடங்கு. துணையின் நிறமாலையில் அதன் சொந்தக் கோடுகளோடு, சிவப்பு நட்சத்திரத்தில் பார்த்த அதே மெல்லிய கோடுகளும் அதே நகர்வோடு இருந்தன! துணையின் ஒளி, பெரியதின் காற்றுக்குள் புகுந்துதான் நம்மிடம் வருகிறது. அத்தனை தூரத்தில் ஈர்ப்பு தளர்ந்துவிடும். தப்ப நொடிக்குச் சில கி.மீ. போதும். காற்றோ பத்தில் போகிறது. இனி எங்கே விழும்?

காவலூரை நிறுவிய வைணு பாப்பு, 1957-ல் ஒலின் வில்சனோடு சேர்ந்து, குளிர்ந்த நட்சத்திரங்களின் கால்சியம் கோட்டு நடுவில் தெரியும் ஒளிர்வு அகலமாக இருந்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் அதிகம் என்று காட்டியவர். அன்று பிள்ளைகளுக்குப் பெயர்ப் பலகையை மட்டும் காட்டினேன். இதைச் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். காலையில் பதில் வந்தது: "சரி சார், விழாதுன்னு புரிஞ்சுது. அடியிலேர்ந்து அவ்வளவு தூரம் அதைத் தூக்கிவிட்டது எது?"

மிரா போன்ற நட்சத்திரங்களில், விம்மித் தணியும் துடிப்பு வாயுவை மேலே ஏற்றும்; அங்கே குளிர்ந்து உண்டாகும் தூசை ஒளி வெளியே தள்ளும். மற்ற பல சிவப்பு நட்சத்திரங்களுக்கு அது போதாது, விவாதம் இன்னும் முடியவில்லை. அதை எழுதிவிட்டு, கீழே "முழுசாத் தெரியலம்மா" என்றும் சேர்த்து அனுப்பினேன்.