தலைப்பெழுத்து

நம் தமிழ்ப் பள்ளிகளில் படித்தோர் பலரும் "நான் ஒரு குடை" என்று ஒரு முறையேனும் கட்டுரை எழுதியிருப்பர். குடையாக இல்லாவிடில் பேனாவாக, அதுவும் இல்லாவிடில் புத்தகப்பையாகவோ காலணியாகவோ எழுதியிருப்பர். தொழிற்சாலையில் பிறந்து, கடையில் தொங்கி, ஒரு மாணவன் கையில் சேர்ந்து, கடைசியில் கிழிந்து குப்பையில் விழும் அந்தக் குடையின் சரித்திரத்தை நம் பிள்ளைகள் தடையின்றி எழுதுவார்கள். நாமும் பல்லாண்டுகள் உபாத்தியாயராயிருந்து அத்தகைய கட்டுரைகளைத் திருத்தியவர்களே. ஆனால் அதே பிள்ளையை அழைத்து, "குடை இருக்கட்டும் அப்பா, நீ யார்? உன்னைப் பற்றிப் பத்து வரி எழுது" என்று கேட்டால், பெயர், வயது, பள்ளி, பிடித்த பலகாரம் என்று நான்கு வரியோடு பேனா நின்றுவிடும். ஒரு குடைக்கு இருக்கும் பிறப்பும் வளர்ப்புங்கூட அந்தப் பிள்ளைக்கு இல்லாமற் போவானேன்? இந்தக் கேள்வி நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதப் புகுந்தோம். அதில் நமக்குப் பெருமை தரும் விஷயம் அதிகமில்லை என்பதையும் முன்னரே தெரிவித்துக்கொள்ளுகிறோம்.

1986 ஆம் ஆண்டு. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பு நம் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் பத்தொன்பது பேர். அநேகமாக எல்லோருடைய தாய் தந்தையரும் பால்வெட்டுத் தொழிலாளிகள். விடியுமுன் பெரட்டில் பெற்றோரின் பெயர்களைக் கூப்பிடுவார்கள். விடிந்தபின் வகுப்பில் பிள்ளைகளின் பெயர்களை நாம் கூப்பிடுவோம். அங்கே பேர் விழுந்தால் அன்றைய கூலி. இங்கே பேர் விழுந்தால் அன்றைய வருகை. இரண்டு இடத்திலும் பெயர் என்பது கூப்பிட்டால் குரல் கொடுப்பதற்கு ஏற்பட்ட ஓர் அடையாளமாகவே இருந்தது. "உள்ளேன் ஐயா" என்று நாள்தோறும் சொல்லும் பிள்ளை, 'உள்ளேன்' என்று சொல்லுகிற தான் யார் என்பதை அறிய வேண்டாமா? இவ்வாறு எண்ணி, "உங்களுக்கு இந்தப் பெயரை வைத்தவர் யார்? ஏன் வைத்தார்? உங்கள் பாட்டன் பாட்டி பெயர் என்ன? வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்" என்று சொன்னோம். தலைப்பு, "என் பெயரின் கதை".

வந்த கட்டுரைகள் நாம் எதிர்பார்த்தவற்றைவிட மேலாகவே இருந்தன. 1943 இல், ஜப்பானியர் காலத்தில், சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத கொள்ளுப்பாட்டன் பெயர் தனக்கு வைக்கப்பட்டதை ஒரு பையன் எழுதியிருந்தான். மற்றொருவன், தன் தகப்பனாரும் சிற்றப்பாவும் ஒரே தந்தையின் மக்களாயிருந்தும், பிறப்புப் பத்திரங்களில் தாத்தாவின் பெயர் இருவருக்கும் இரு வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தான். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி வாயால் சொன்னதை, தமிழ் அறியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டால் கிருஷ்ணன் 'கிஸ்னன்' ஆவதும், இராமசாமி 'ரமசமி' ஆவதும் இந்நாட்டில் நாம் காணாததா? வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு சிறுமி, "பாட்டி என்னைக் கூப்பிடும் பெயர் வேறு, பள்ளியில் கூப்பிடும் பெயர் வேறு, இரண்டும் நான்தான்" என்று எழுதியிருந்தாள். சிலர் மட்டும், "பாட்டி பெயர் தெரியாது", "தாத்தா பெயர் தெரியாது" என்று ஒரு வரியோடு முடித்திருந்தனர். அவர்களை அசிரத்தைக்காரர் என்று எண்ணி மனத்துக்குள் கடிந்துகொண்டோம்.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, மிகுந்த மரியாதையோடு, "ஐயா, உங்கள் பெயருக்கு முன்னால் 'கு' என்று இருக்கிறதே, அது என்னங்க ஐயா?" என்று கேட்டான்.

நாம் சற்றும் யோசியாமல், "குமாரசாமி" என்றோம்.

அது பொய். நம் தந்தையாரின் பெயர் குப்பன்.

இந்தப் பொய்யை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னோம் என்றும் கூறுவதற்கில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த நாளிலேயே தலைப்பெழுத்து நமக்கு ஒரு திரையாயிற்று. உடன் பயின்றவர்கள் கேட்டபொழுது குமாரசாமி என்றோம். ஒரு முறை குணசேகரன் என்றும் சொன்னதுண்டு. அரசாங்கப் பத்திரங்களில் 'ஆனாக் லெலாக்கி' என்பதற்குப் பின் தந்தையார் பெயர் முழுமையாகவே இருந்தது. அதை அதிகாரிகள் பார்த்தபொழுது நமக்கு வெட்கமில்லை. தமிழர் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் நம் அச்சமெல்லாம். அந்தப் பெயரைக் கேட்டவுடன் நம் மக்கள் மனத்தில் ஓடும் கணக்கு என்னவென்று நமக்குத் தெரியும். எந்த ஜாதியார் இந்தப் பெயர் வைப்பார், எந்த லயத்தில் அவர் இருந்திருப்பார் என்று கணக்கிட்ட பின்னரே பேச்சின் தொனி அமையும்.

அந்தப் பெயர் வந்த விதமோ நாம் சிறு வயது முதல் அறிந்ததே. நம் தந்தையாருக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டன. மூன்றாவதும் போய்விடுமோ என்று நடுங்கிய நம் பாட்டி, பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருத்தியை எடுத்துவரச் சொல்லி, அவளிடமிருந்து தான் வாங்கிக்கொண்டாளாம். குப்பையில் கிடந்ததை எமனும் வேண்டான் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிடன் என்னும் பெயர்களில் பல இவ்விதம் பிறந்தவையே. அந்த நம்பிக்கை மூடநம்பிக்கை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மருத்துவமும் சுத்தமான நீரும் காத்திருக்க வேண்டிய உயிரைக் காப்பதற்கு அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு பெயர் மட்டுமே. ஆனால் பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசையில் மூடத்தனம் ஏது? அதைத்தான் நாம் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை தந்தையாரைப் பார்க்கப் போனோம். 1938 இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை இந்நாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்வதற்கு முன், கங்காணியோடு கப்பலேறி வந்த கூட்டத்தில் சிறுவராய் வந்தவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அப்போது வேறொரு தோட்டத்தில் நம் தமையனார் வீட்டில் இருந்தார். "பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா?" என்று வழக்கம்போல் கேட்டார். "படிக்கிறார்கள் அப்பா" என்றோம். நடந்ததைச் சொல்ல நா எழவில்லை. 1991 இல் அவர் காலமாகும் வரையிலும் சொல்லவேயில்லை.

ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் சொன்னோம். கரும்பலகையில் நம் பெயரை எழுதி, 'கு' என்ற எழுத்தை அழித்து, அவ்விடத்தில் 'குப்பன்' என்று முழுமையாக எழுதினோம். "போன வாரம் நான் உங்களிடம் பொய் சொன்னேன், என் தகப்பனார் பெயர் இதுதான்" என்றோம். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். நம் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். குப்பைமேட்டுக் கதையைச் சொன்னோம். ஏன் பொய் சொன்னோம் என்பதையும், பிள்ளைகளுக்கு விளங்கும் அளவில், ஒளிக்காமல் சொன்னோம்.

பாடம் முடிந்ததும் ஒரு சிறுமி மேசையருகே வந்து, தன் கட்டுரை நோட்டைத் திருப்பிக் கேட்டாள். "பாட்டி பெயர் தெரியாது" என்று எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. மறுநாள் அந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே "என் பாட்டியின் பெயர் குப்பம்மாள்" என்று எழுதிக் கொண்டுவந்தாள். அவள் அசிரத்தைக்காரி அல்லள். நாம் செய்ததைத்தான் அவளும் செய்திருந்தாள். உபாத்தியாயர் தன்னை மறைத்துக்கொண்டு நிற்கும் வகுப்பில், பிள்ளைகள் மட்டும் தங்களை எவ்வாறு வெளியிடுவார்கள்?

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "பெயரில் உள்ள பழைய வாலையெல்லாம் அறுக்கச் சொன்ன சீர்திருத்தக்காரர்களே இப்போது பழம்பெயரைத் தோண்டச் சொல்லுகிறீர்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்ததும், அவ்வாண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்ததும், 1932 இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதும், 1935 இல் 'தமிழ் முரசு' எழுந்ததும் நாம் மறந்தவையல்ல. ஆனால் அறுக்கச் சொன்னது எதை? பிறரைத் தாழ்த்தித் தன்னை உயர்த்திக்காட்டும் பட்டத்தை. குப்பன் என்னும் பெயர் எவரையும் தாழ்த்தவில்லை. பிறர்தாம் அதைத் தாழ்த்தினர். பட்டத்தை விடுவது சுயமரியாதை; தகப்பனை விடுவது சுயமரியாதையாகாது. முன்னது ஜாதியைத் தோற்கடிக்கிறது. பின்னதோ ஜாதிக்குத் தோற்று ஒளிந்துகொள்ளுகிறது.

பழைய பெயரெல்லாம் போற்றத்தக்கது என்றும் நாம் சொல்லவில்லை. பெண் குழந்தைகள் போதும் என்ற சலிப்பில் ஒரு பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தார்களே, அதை அவள் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டுமா? விரும்பினால் மாற்றிக்கொள்ளட்டும், அது அவள் உரிமை. நாம் கேட்பது இதுவே: மாற்றினாலும் வைத்துக்கொண்டாலும், அறிந்து செய்யட்டும், அஞ்சிச் செய்ய வேண்டாம்.

அந்த ஆண்டுக்குப் பின் ஓய்வு பெறும் வரை இப்பாடத்தை நாம் விடவில்லை. சில தவறுகளையும் செய்து கற்றோம். ஒருமுறை எல்லோரும் உரக்கப் படித்தாக வேண்டுமென்று வற்புறுத்தினோம். தகப்பன் விட்டுப்போன ஒரு பையன் பாதியில் நிறுத்தி அழுதான். இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தோம். எனவே இவ்வழியில் செல்ல விரும்பும் உபாத்தியாயர்களுக்குச் சிலவற்றைச் சொல்லுகிறோம். முதலில் நீங்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்; பிறகு பிள்ளைகளைக் கேளுங்கள். எழுதியதைப் படிப்பதும் படிக்காததும் பிள்ளையின் விருப்பமாயிருக்கட்டும். தந்தை பெயரைக் கேட்பதுபோலவே தாயின் பெயரையும் கேளுங்கள். பெற்று வளர்த்தவளுக்கு ஓர் எழுத்தும் இல்லாதது என்ன நியாயம்? யாவற்றினும் முக்கியமாக, "சொந்த ஊர் எது? குலதெய்வம் எது?" என்று கேட்காதீர்கள். நம்மவர் ஜாதியைச் சுற்றிவளைத்து விசாரிக்கும் வழி அதுவே என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். வகுப்பறை அவ்விசாரணைக்கு இடமாகுமானால், பிள்ளைகள் பேசாமலிருப்பதே நன்று.

1912 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் பின் தோட்டந்தோறும் எழுந்த பள்ளிகள் பல இன்றில்லை. 1957 இல் இந்நாட்டில் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530 ஆகச் சுருங்கியிருக்கின்றன. ரப்பர் மரம் செம்பனையாயிற்று. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதியாயிற்று. நாம் படிப்பித்த பள்ளி இருந்த இடத்தில் இன்று கடைவீடுகள் நிற்கின்றன. லயமும் பெரட்டுக் களமும் போய்விட்ட பின், அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு பிள்ளை அறிய வேண்டுமானால் வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, "தாத்தா பெயர் என்ன? அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள்?" என்று கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். சிறிது நேரம் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நாம் நம் தந்தையாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் காலத்தைப் போக்கிவிட்டோம். உங்களுக்கு அது நேர வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.