இரண்டு உலோகம் சேர்ந்தால் வரும் அரிப்பு

இரும்புதான் துருப்பிடிக்கும், அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது பலருடைய எண்ணம். ஆனால் இரண்டையும் சேர்த்து இறுக்கி, இடையில் உப்புநீர் பட்டால், முதலில் அழிவது அலுமினியம்தான். அந்த இணைப்பு ஒரு சின்ன பேட்டரியாக மாறிவிடுகிறது. எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் அலுமினியம் கரைகிறது; இரும்பு தப்பித்துக்கொள்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் பிரிட்டனின் லேண்ட் ரோவர். அது வெளிவந்த 1948இல், போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாடு. அதனால் எஃகுச் சட்டத்தின் மேல் அலுமினியக் கலவைத் தகடுகளைப் பொருத்தினார்கள். குளிர்காலத்தில் அங்கே சாலைகளில் உப்பு தூவுவார்கள். கதவின் எஃகுச் சட்டத்தைத் தகடு மடித்துப் பிடிக்கும் விளிம்பில் அந்த உப்புநீர் தேங்கும். பெயிண்ட் கொப்பளிக்கும்; சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும்.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. இரண்டு உலோகமும் தொடாதபடி நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைக்கலாம். வாஷர் மட்டும் போதாது. போல்ட்டின் உடலுக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டும். தண்ணீர் நிற்காமல் வடிய வழி இருக்க வேண்டும்.

பெயிண்ட் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கரைவது அலுமினியம் என்று அதற்கு மட்டும் அடித்தால் ஆபத்து. ஒரு கீறல் விழுந்தால், மொத்த அரிப்பும் அந்தச் சிறு இடத்தில் குவிந்து ஓட்டை விழும். எஃகுக்கும் கட்டாயம் அடிக்க வேண்டும்.

ஒரு வாஷருக்குச் சோம்பல்பட்டால், பிறகு கதவையே மாற்ற வேண்டி வரும்.