அம்மாவின் சேமலாப நிதியில் வந்த பெட்டி

"அதக் கழட்டாத புள்ள. ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று அம்மா மூன்று தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. இஸ்தோப்பில் ஒரு பழைய பெட்சீற்றை விரித்து, அதன்மேல் எங்கள் கொம்பியூட்டர் பெட்டியைப் படுக்க வைத்து, மூடியைத் திறந்தேன். பதின்மூன்று வருடத் தூசி உள்ளே இருந்தது. கரப்பான்பூச்சி முட்டையும் இருந்தது.

அந்தப் பெட்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா ஸ்பிரிங்வெளியில் கொழுந்தெடுத்தவர். 50 வயதானதும், 2013இல், அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதி கடனுக்குப் போனது. ஒரு பகுதியில் தங்கைக்குத் தோடு வாங்கினோம். மிச்சத்தில் 45,000 ரூபாவை எடுத்து, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கொம்பியூட்டரை வாங்கித் தந்தார். அந்த வருடம் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. நூறு நாள் மலையேறி இறங்கிய கூலி அது. "பழசாப் போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க மிஸ்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

வேறு வாங்கவும் வழியில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர் புதுக் கொம்பியூட்டரைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

பெட்டி கொஞ்ச நாளாகவே சோர்ந்துபோயிருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, அடுப்பில் தேத்தண்ணி வைத்து, குடித்து, கோப்பையும் கழுவிவிட்டு வந்தால்தான் திரை தெளியும். கரண்ட் போய் வந்தால் திகதி 2012 ஜனவரி 1 என்று காட்டும். உள்ளே ஒரு சிறிய வட்டப் பெட்டரி இருக்கிறது, கடையில் சீ.ஆர். 2032 என்று கேட்டால் தருவார்கள். அது செத்துவிட்டால் இப்படித்தான் ஆகும், திகதி பிழைத்தால் இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குமுன் இரண்டு மாதம் இணைய இணைப்புக் கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11க்குப் போக எங்கள் பெட்டியால் முடியாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் புரொசசராவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்களுடையது மூன்றாம் தலைமுறை. அப்போதும் நான் அசையவில்லை. எழுதுவதற்கும் ஸ்கேன் எடுப்பதற்கும் இது போதும் என்றிருந்தேன்.

அசைய வைத்தது மழை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டமெங்கும் மண் இறங்கியது சகோதரிகளுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருவரின் காம்பராவுக்குப் பின்னாலிருந்த மண்மேடும் சரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் வைத்திருந்த கடதாசிகள் சேற்றோடு சேறாகிப் போயின. அந்த அக்கா சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க இருந்தவர். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் வேறொரு பெயர். தோட்டங்களில் இது புதிதல்ல. எழுதியவர் காதில் விழுந்தபடி முத்தாயி முத்தம்மாவாவார், முத்தம்மா முத்துலெட்சுமியாவார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி, எல்லாவற்றையும் நான் ஸ்கேன் எடுத்து வைத்திருந்தேன். எங்கே? எங்கள் வீட்டுப் பெட்டியில். அங்கே மட்டும்.

டிசம்பரில் ஒருநாள் அந்த அக்கா வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, "உங்ககிட்ட இருக்குல்ல மிஸ், எனக்கு அது போதும்" என்றார். நான் பெட்டியைப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் டிக், டிக் என்று பல்லி கத்துவதுபோல் சத்தம் போட்டது. திரை வரவில்லை.

பிரதி எடுத்து வைக்கச் சொல்லி எத்தனை பயிற்சி வகுப்பில் நானே பேசியிருக்கிறேன் என்று நினைத்து அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆக, ஜனவரியில் சம்பளம் எடுத்ததும் பதுளைக்குப் போனேன். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகை வட்டு ஒன்றும், ஒரு ரேமும் வாங்குவது திட்டம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டும் ஊசியும் இருக்கும், தேய்வதும் அடிபடுவதும் அவைதான். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. அதனால் வேகமும் அதிகம். கடையிலிருந்த தம்பி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வீட்ல ஆம்பிளைங்க யாரும் இல்லையா மிஸ்? அவங்கள வரச் சொல்லுங்க" என்றான். வந்த கோபத்தில், போர்டில் எந்த ரேம் போகும் என்று கேட்க மறந்து, அவன் எடுத்துத் தந்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவனைக் குறை சொல்லும் தகுதியும் எனக்கு முழுதாக இல்லை. கடைக்குப் போகுமுன் நான் யோசனை கேட்டது பதினைந்து வயது அக்கா மகனிடம். அவனைவிடப் படித்த அவன் அம்மாவிடம் கேட்கத் தோன்றவேயில்லை. பால்நிலை பற்றிப் பரீட்சையில் பத்துப் பக்கம் எழுதியவள் நான்!

அந்த ரேம் போகவில்லை. அமர்த்திப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். அம்மா டோர்ச் பிடித்தபடி, "பலவந்தம் பண்ணாத" என்றார். பார்த்தால், ரேமின் அடிப்பக்கத்து வெட்டு ஓரிடத்திலும், பள்ளத்தின் மேடு வேறிடத்திலும் இருந்தது. வாங்கி வந்தது டி.டி.ஆர். 4, எங்கள் போர்டுக்கு வேண்டியது டி.டி.ஆர். 3. ஒன்றில் 288 தொடுமுனை, மற்றதில் 240. மாறிப் போட்டு எரித்துவிடக் கூடாதென்றுதான் அந்த வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் சொல் கேட்டதால் போர்ட் தப்பியது.

மறுபடி பதுளை. மறுபடி மலைப்பாதை, மறுபடி அரை நாள் லீவு. அந்தக் கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இன்னொரு கடையில், ஒரு சிங்கள ஐயா பழைய சாமான் நிறைந்த பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்து, டி.டி.ஆர். 3 நான்கு ஜி.பி. ஒன்றைத் தேடியெடுத்தார். அழிறப்பர் ஒன்றையும் மேசையில் வைத்து, அதன் பொன்னிற முனைகளை மெதுவாகத் துடைத்துக் காட்டினார். "சத்தம் போட்டா இப்படிச் செய்ங்க நங்கி." அந்த ஒரு வசனத்துக்கு அவர் காசு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அப்படியே, மின்சார வயர் இரண்டாகப் பிரிவதொன்றும் தந்தார். பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒன்றாகப் பூட்ட அது வேண்டியிருந்தது.

பிறகும் லேசில் முடியவில்லை. தூசி தட்டுவதற்காகப் புரொசசர் மேலிருக்கும் காற்றாடியைக் கழற்றியிருந்தேன். அதன் கீழே வெள்ளைப் பசை காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அந்தப் பசைதான் சூட்டை உலோகத்துக்குக் கடத்துகிறது. காய்ந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பயறளவு வைக்க வேண்டும். வைத்தேன். காற்றாடிக்கு நான்கு கால். ஒவ்வொன்றையும் அமர்த்தினால் 'டிக்' என்று விழ வேண்டும். மூன்று விழுந்தன. நான்காவது விழுந்ததாக நான் நினைத்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிடம் ஓடி நின்றது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் நின்றது. கரண்ட் குறைகிறதென்று நினைத்து, பக்கத்துக் காம்பராவில் ஹீட்டர் போட்டவரிடம் போய் அதை நிறுத்தச் சொல்லிச் சண்டையே பிடித்துவிட்டேன். அடுத்தநாள்தான் நான்காவது கால் அந்தரத்தில் நிற்பதைக் கண்டேன். சூடேறி, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது. அந்த மாமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "கொம்பியூட்டர் நல்லாயிருச்சா புள்ள?" என்றுதான் கேட்டார்.

அக்கா மகன் பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் கொண்டுவந்தான். காசில்லாமல் கிடைப்பது, பழைய பெட்டியிலும் ஓடும். புது வட்டில் அதைப் பதிய அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. திரை பளிச்சென்று வந்தபோது நாங்கள் மூவரும் கைதட்டினோம். ஆனால் எனக்கு வேண்டியது பழைய டிஸ்க்கில் அல்லவா இருந்தது!

அதன் டேட்டா வயரை மாற்றியதும் தெரியத் தொடங்கியது. பத்து நிமிடம் தெரியும், பிறகு காணாமல் போகும். சத்தம் நின்றபாடில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரதி எடுக்கப் பார்த்தால் பழுதான ஒரு கோப்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே முக்கியமானதை முதலில், ஒவ்வொரு கோப்புறையாக எடுத்தோம். மூன்று இரவு போனது. அம்மா வீட்டுக் கல்யாண அல்பத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. "அந்தப் புள்ளையோட கடதாசிய முதல்ல பாரு" என்றார்.

கடிதங்களைத் திறந்தபோது இன்னொரு இடி. எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்து அழுகையே வந்தது. பிறகுதான் உறைத்தது: அவை பாமினியில் அடித்தவை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்துத்தான் தெரியும். பழைய டிஸ்க்கின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் புதியதில் வைத்ததும் கடிதங்கள் தமிழாயின. உங்களிடமும் பழைய பாமினிக் கடிதங்கள் இருந்தால், கொம்பியூட்டரை மாற்றுமுன் அந்த எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். இனிமேல் அடிப்பவற்றை யுனிகோடில் அடியுங்கள்.

அந்த அக்காவின் கோப்புறையில் ஐந்து ஸ்கேன்கள் இருந்தன. பிறப்புச் சான்றிதழ் வந்தது. சேமலாப நிதி அங்கத்தவர் இலக்கம் இருந்த அட்டை பாதி சாம்பல் நிறமாக வந்தது, ஆனால் இலக்கம் அந்தப் பாதியில் இல்லை, தெளிவாகத் தெரிந்தது. அடையாள அட்டைப் பிரதி வந்தது. விவாகச் சான்றிதழும் சத்தியக் கடதாசியும் திறக்கவில்லை. எத்தனை தரம் பார்த்தும் திறக்கவில்லை.

சத்தியக் கடதாசியைப் புதிதாக முடிக்கலாம், அலைச்சல்தான். பிறப்புச் சான்றிதழின் இலக்கம் கையிலிருந்ததால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுப்பது சுலபமாயிற்று. விவாகப் பதிவின் இலக்கம் எங்கும் இல்லை. அந்த அக்காவுக்குக் கல்யாணம் நடந்த வருடம்கூடச் சரியாக நினைவில்லை. மூத்த மகன் பிறந்த வருடத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டு வருடத்துப் புத்தகங்களில் தேடிப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கடிதத்தைத் திருத்திய பெட்டியில்தான் அடித்தேன்.

கடிதம் போன அன்று அந்த அக்கா ஒரு பை நிறையக் கீரை கொண்டுவந்தார். எனக்கு வாங்க வெட்கமாக இருந்தது. "நான் ஒழுங்கா வச்சிருந்தா ரெண்டு கடதாசி போயிருக்காது அக்கா" என்றேன். "நானுந்தான் கட்டிலுக்கடியில வச்சிருந்தேன்" என்றார்.

இப்போது ஸ்கேன்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: பெட்டியில், ஒரு பென் டிரைவில், அலுவலகத்தில். பழைய ஹார்ட் டிஸ்க்கை அம்மா எறிய விடவில்லை. ஒரு துணியில் சுற்றி, கழற்றியதில் மிஞ்சிய இரண்டு ஸ்குரூவையும் அதோடு வைத்து, தன் டிரங்குப் பெட்டியில் பூட்டியிருக்கிறார். அந்த இரண்டும் எங்கே பூட்ட வேண்டியவை என்று நானும் அக்கா மகனும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.