சாதி நாய்

எங்கள் பக்கம் ஒரு நாயைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி, "இது சாதி நாயா, தெரு நாயா?" என்பதுதான். சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த வார்த்தை. அதன் அர்த்தம் எனக்கு முழுசாக விளங்கியது, இராஜபாளையத்தில் ஒரு நாய் வளர்ப்பவரின் தோப்புக்குப் போய்வந்த பிறகுதான்.

கால்நடை மருத்துவம் படிக்கிற தோழர் ஒருவர் ஈத்துக் கணக்கு எடுக்கப் போனார். கூட நானும் போனேன். மேற்கே மலை தெரிகிற மாந்தோப்பு. கம்பி வலை அடித்த கொட்டடிகளில் 14 நாய்கள். அத்தனையும் பால் வெள்ளை. ரோஸ் மூக்கு, ஒடுங்கிய வயிறு, ஒட்ட வெட்டினது போன்ற ரோமம். நாங்கள் கேட்டைத் தாண்டியதும் ஒரே நேரத்தில் குரைத்தன.

"வாங்க தம்பி. நான் நிக்கிறப்ப ஒண்ணும் செய்யாது" என்றார் பெரியவர். நாற்பது வருசமாக இதே வேலை. மனிதர் வேலை தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு நாய்க்கும் அம்மா, அம்மாவைப் பெற்ற பெட்டை, சேத்தூரிலிருந்து கொண்டுவந்த கடுவன் என்று ஐந்து தலைமுறையை நோட்டைப் பார்க்காமல் சொன்னார். சுவரில் 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட இராஜபாளையம் நாய்த் தபால்தலை கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த நாய் இது. 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை போயிற்று. 1988இல் அந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. வேட்டை போனாலும் வெள்ளைக்கு மவுசு போகவில்லை. வேலைக்காக வளர்த்த நாயை இப்போது நிறத்துக்காக வளர்க்கிறார்கள்.

கடைசிக் கொட்டடியில் ஒரு மாதக் குட்டிகள் ஆறு. பெரியவர் அவற்றின் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். ஐந்து தலை திரும்பியது. ஒன்று திரும்பவில்லை. "செவிடு" என்றார். நீலக் கண் குட்டி அது. காதுக்குள் நிறம் தரும் அணுக்கள் இல்லாமல் போனால் கேட்கும் நரம்பு வேலை செய்யாது, வெள்ளையை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று தோழர் விளக்கினார். பெரியவருக்கும் அது தெரியும். "என்ன செய்ய? வேற ரத்தம் உள்ள வந்தா சாதி கெட்டுப்போகுமே."

"புள்ளி விழுந்த குட்டி பொறந்தா?" என்று கேட்டேன்.

"இப்ப யாராவது சும்மா வாங்கிட்டுப் போயிருவாங்க. முன்னெல்லாம் தோட்டக்காரன்ட்ட குடுத்துருவோம். அவன் பாத்துக்குவான்."

'பாத்துக்குவான்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் தாத்தா இன்னொரு தோப்பில் அந்தத் தோட்டக்காரன். நாய்களுக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சியவர், சொறிக்கு வேப்பெண்ணெய் தடவியவர், பெட்டை குட்டி போடுகிற ராத்திரி விழித்திருந்தவர் எல்லாம் அவர்தான். புள்ளி விழுந்த குட்டிகளைக் கண் திறக்கும் முன்னால் வரப்போரம் புதைக்கச் சொன்னதும் அவரிடம்தான். ஒரு தடவை மனசு கேட்காமல் ஒன்றை மடியில் கட்டித் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார். அது வளர்ந்ததும் தோப்புக்காரர் ஆள் அனுப்பினார். "கடுவனா பெட்டையா?" கடுவன். ரெண்டு நாளில் நாய் தெருவில் இல்லை. எங்கள் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

பாட்டி சொன்னதை நான் வெறும் கதை என்றே நினைத்திருந்தேன். மதுரை மாவட்டத்துச் சில கிராமங்களில் தலித்துகள் கடுவன் நாய் வளர்க்கத் தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகளில் பிறகு படித்தேன். சேரி நாய் ஊர்ப் பெட்டையோடு சேர்ந்துவிடக் கூடாதாம்.

திரும்பும் நேரம் பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பிக்கு எந்தத் தெரு?" என்றார். நாயின் ஐந்து தலைமுறையைச் சொன்னவருக்கு என்னைப் பற்றி அந்த ஒரு விவரம் போதும். சொன்னேன். அவர் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் தோழரைப் பார்த்துத்தான். செவிட்டுக் குட்டி மட்டும் என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், அகமணம்தான் சாதியின் அடிப்படை என்று நிறுவினார். அந்த அகமணத்தைக் காக்கத்தான் உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் என்றார். எல்லாமே பெண்ணைப் பூட்டி வைக்கும் வழிகள். பருவம் வந்த பெட்டையை மூணு வாரம் கொட்டடிக்குள் பூட்டி வைப்பதைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நாய்க்குச் சாதி கிடையாது. பெட்டையின் சங்கிலி யார் கையில் இருக்கிறதோ அவன் உண்டாக்குவதுதான் சாதி. அந்தச் சங்கிலி அறுந்தால் என்ன நடக்கும் என்பதை 2015இல் கோகுல்ராஜிடமும், 2016இல் உடுமலைப்பேட்டை நடுரோட்டில் சங்கரிடமும் காட்டினார்கள். இவர்கள் பேசுகிற ரத்தச் சுத்தம் நாய்க் கொட்டடியோடு நிற்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரும் பூட்டி வைக்காத, தானாக இணை தேடுகிற நம் தெரு நாய்க்கு வெள்ளைக்காரன் புத்தகத்தில் வைத்த பெயர் 'பறையா டாக்'. பறையர் என்ற நம் பெயரிலிருந்து எடுத்த சொல். சாதி நாய்க்கு ஊர்ப் பெயர், சாதி இல்லாத நாய்க்கு நம் பெயர். அவமானம் என்றுதான் வைத்தார்கள். ஆனால் தட்டு ஓசை கேட்டால் தலை திரும்புகிற நாய் அது. எந்த வெயிலிலும் பிழைக்கும். அதற்காக நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியவரின் நோட்டில் ஐந்து தலைமுறைப் பெயர் இருக்கிறது. விழித்திருந்து குட்டி எடுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. வரப்போரம் புதைத்த குட்டிகளின் கணக்கும் இல்லை. அந்தக் கணக்கு என் தாத்தாவுக்கு மட்டும் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமலே போய்விட்டார். பாட்டியிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரு குட்டியின் கணக்கை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.